கூட்டணி ஒப்பந்தத்திலிருந்து முறையாக விலகுவது எப்படி?

சைபர் நேஷன்ஸ், பாலிட்டிக்ஸ் அண்ட் வார் போன்ற நாடு நடத்தும் இணைய விளையாட்டுகளில், ஆட்டக்காரர்கள் பலர் சேர்ந்த குழுவைக் கூட்டணி என்றும், இரண்டு கூட்டணிகளைப் பிணைப்பதை ஒப்பந்தம் என்றும் சொல்கிறோம். ஒருவர் தாக்கப்பட்டால் மற்றவர் கட்டாயம் போரில் இறங்கியாக வேண்டிய எம்டிபி (பரஸ்பரப் பாதுகாப்பு ஒப்பந்தம்), விரும்பினால் மட்டும் இறங்கலாம் என்ற ஓடிபி, உளவுத் தகவலோடும் பொருளுதவியோடும் நின்றுவிடும் பியாட் என இதில் பல படிகள் உண்டு. ஆகவே, விலகுவதற்கு முன் ஒரு படி இறங்கினால் போதுமா என்று பாருங்கள். எம்டிபியை ஓடிபியாக மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்பது உறவைக் காக்கும். அப்படிக் கேட்கும்போதுதான் உங்கள் மனக்குறை என்னவென்றே எதிர்த்தரப்புக்குப் பல நேரங்களில் தெரியவரும்.

முழுவதுமாக விலகுவதென்று முடிவு செய்துவிட்டால், ஒப்பந்தத்தின் விலகல் பிரிவை வரிவரியாகப் படியுங்கள். பெரும்பாலும் 48 அல்லது 72 மணி நேர முன்னறிவிப்பு கேட்கப்பட்டிருக்கும். அந்த நேரம் தனிச் செய்தி போய்ச் சேர்ந்ததிலிருந்தா, பொது அறிவிப்பிலிருந்தா என்று வாசகம் தெளிவாகச் சொல்லாவிட்டால், கூட்டாளிக்குச் சாதகமான கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். முன்னறிவிப்புக் காலம் முடியும்வரை ஒப்பந்தம் முழுமையாக நடப்பில் இருக்கிறது. 47-ஆம் மணி நேரத்தில் அவர்கள் தாக்கப்பட்டாலும் உங்கள் படைகள் போயாக வேண்டும். இதை வெறும் சடங்காக எண்ணும் தலைவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களை அடுத்த ஒப்பந்தத்துக்கு நம்பி அழைக்க எனக்கு ஒருபோதும் மனம் வந்ததில்லை. அதே காரணத்தால், கூட்டாளியின் மீது போர் வரப்போகிறது என்று தெரிந்த பிறகு விலகல் கடிதம் அனுப்பக் கூடாது. கடிதத்தில் எந்தக் காரணம் இருந்தாலும், ஓடிப்போனதாகவே அது படிக்கப்படும்.

செய்தியை யார், எப்போது, எப்படிச் சொல்கிறார் என்பதில்தான் மிகுந்த கவனம் வேண்டும். தைவானுடனான பாதுகாப்பு ஒப்பந்தத்தை அமெரிக்கா முறித்ததை நினைத்துப் பாருங்கள். அந்த ஒப்பந்தம் கேட்ட ஓராண்டு முன்னறிவிப்பு முறையாகவே கொடுக்கப்பட்டது, ஒப்பந்தமும் 1980 ஜனவரியில்தான் முடிவுக்கு வந்தது. ஆனால், 1978 டிசம்பரில் அதிபர் கார்ட்டர் தமது முடிவை உலகுக்கு அறிவிப்பதற்குச் சில மணி நேரம் முன்பு, நள்ளிரவு தாண்டிய வேளையில் எழுப்பப்பட்டுத்தான் தைவான் அதிபர் சியாங் சிங்-குவோ செய்தியைக் கேட்டார். எழுத்தளவில் குறையில்லாத அந்த விலகல், சொன்ன விதத்தால் பெரும் கசப்பை விதைத்தது.

எனவே உங்கள் தலைவரே அவர்களுடைய தலைவரிடம் நேரடியாகப் பேச வேண்டும்; டிஸ்கார்ட் என்ற அரட்டைச் செயலியில் குரல்வழிப் பேச முடிந்தால் இன்னும் நல்லது. இரு கூட்டணிகளும் பேசிக்கொள்ள அங்கே வைத்திருக்கும் தூதரகத் தடத்தில் செய்தியைப் போட்டுவிட்டு நகர்வது போதாது. பேசி முடித்தபின் அதையே எழுத்தில் அனுப்புங்கள். அவர்கள் தங்கள் உறுப்பினர்களுக்குச் சொல்லிக்கொள்ள ஒரு நாளாவது அவகாசம் கொடுத்து, அதன் பிறகே பொது அறிவிப்பை வெளியிடுங்கள். எங்களுடன் எம்டிபி வைத்திருந்த ஒரு கூட்டணி இந்த வரிசையை மாற்றியபோது, வெளியுறவுப் பொறுப்பிலிருந்த நான் அந்தச் செய்தியைப் புதிதாகச் சேர்ந்த உறுப்பினர் ஒருவரிடமிருந்து தெரிந்துகொண்டேன். விலகலைவிட அதுதான் வலித்தது.

பொது அறிவிப்பு சுருக்கமாக இருக்கட்டும்: "எங்கள் இரு கூட்டணிகளுக்கும் இடையிலான பரஸ்பரப் பாதுகாப்பு ஒப்பந்தத்திலிருந்து, அதன் விலகல் பிரிவின்படி விலகுகிறோம். 72 மணி நேரம் முடியும்வரை எங்கள் கடமைகள் தொடரும். இதுவரை உடன் நின்றதற்கு நன்றி." இதற்கு மேல் காரணம் சொல்லத் தேவையில்லை. தனிப்பேச்சின் பதிவுகளை எடுத்துப் போடுவதும், உங்கள் உறுப்பினர்கள் அறிவிப்பின் கீழே வந்து கேலி செய்வதும் அறவே கூடாது. பின்னதைத் தடுக்க, அவர்களிடம் முன்னதாகவே கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள்.

காலம் முடிந்த பிறகும் சில வேலைகள் உண்டு. விளையாட்டுப் பணத்தை முன்னதாக வாங்கிக்கொண்டு, விளையாட்டில் ஒரு பொருளாகவே கைமாறும் தொழில்நுட்பத்தைத் தவணையில் அனுப்பும் பேரங்கள் இரு தரப்பு நாடுகளுக்கிடையே ஓடிக்கொண்டிருந்தால், கடைசித் தவணைவரை அனுப்பி முடிக்கச் செய்யுங்கள். அவர்கள் நம்பிப் பகிர்ந்த போர்த் திட்டங்களும் படைக் கணக்குகளும் உங்கள் புதிய நண்பர்களிடம் போகக் கூடாது. தூதரகத் தடத்தை மூடுவதா வைத்திருப்பதா என்பதை அவர்களிடமே கேட்டுவிடுங்கள்.