பிபிஎஸ்: முதலில் உள்ளே நுழைந்து பாருங்கள், பிறகு நடத்துங்கள்

பிபிஎஸ் (புல்லட்டின் போர்டு சிஸ்டம்) என்பது பலரும் தொலைவிலிருந்து நுழைந்து செய்தி எழுதவும், கோப்பு பகிரவும், விளையாடவும் ஒருவர் ஒரு கணினியில் நடத்தும் எழுத்துத் திரை அமைப்பு. 1978 பிப்ரவரியில் சிகாகோவில் வார்ட் கிறிஸ்டென்சனும் ரேண்டி சூஸும் தொடங்கிய சிபிபிஎஸ்தான் முதல் பொது பிபிஎஸ். ஒரு தொலைபேசி இணைப்பு, ஒரு மோடம். ஒருவர் உள்ளே இருந்தால் அடுத்தவருக்கு லைன் பிஸி. இன்று இயங்குபவற்றில் பெரும்பாலானவற்றுக்கு டெல்நெட் (இணையம் வழியாகத் தொலைக் கணினிக்குள் நுழையும் பழைய முறை) வழியாகவே போகலாம், மோடம் வேண்டாம்.

பார்வையாளராகத் தொடங்க சின்க்டெர்ம் என்ற இலவச மென்பொருளை நிறுவுங்கள். சாதாரண டெர்மினலில் (கட்டளை எழுதும் திரையில்) போனால் பெட்டிக் கோடுகளும் படங்களும் கேள்விக்குறிகளாகச் சிதறும். அந்தப் படங்கள் ஐபிஎம் பிசியின் 437ஆம் எழுத்துத் தொகுப்பில் வரையப்பட்டவை. இன்றைய டெர்மினல்கள் எதிர்பார்ப்பதோ யூடிஎஃப்-8 என்ற வேறு எழுத்து முறை. திரையை 80 பத்தி, 25 வரியில் வையுங்கள். கோப்பு இறக்கும்போது பாதியில் பிழை வந்தால் பெரும்பாலும் 255 என்ற பைட்தான் காரணம். டெல்நெட்டுக்கு அது கட்டளைக் குறி, ஆகவே கோப்பில் வரும்போது இரட்டித்து அனுப்ப வேண்டும். ஒரு முனை இரட்டித்து மறுமுனை அதைப் புரிந்துகொள்ளாவிட்டால் கோப்பு அனுப்பும் முறையான இசட்மோடம் தடுமாறும். இன்னொன்று: டெல்நெட்டில் கடவுச்சொல் மறைக்கப்படாமல் போகிறது. வேறெங்கும் பயன்படுத்தாத ஒன்றையே கொடுங்கள்.

நடத்துவதற்கு சின்க்ரோநெட் என்ற பிபிஎஸ் மென்பொருளைப் பரிந்துரைக்கிறோம். லினக்ஸிலும் விண்டோஸிலும் ஓடும், இலவசம், மூல நிரல் திறந்தது. நிறுவியதும் முதலில் உருவாக்கும் கணக்கே சிஸாப் (பிபிஎஸ்ஸை நடத்துபவர்) கணக்கு. ஆகவே போர்ட்டை (இணைப்புகள் வரும் எண்ணிட்ட வாசலை) வெளியே திறப்பதற்கு முன்பே, அதே கணினியிலிருந்து உள்ளே நுழைந்து அதை உருவாக்கிவிடுங்கள்.

புதியவர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது போர்ட்டுகளில்தான். டெல்நெட்டின் போர்ட் எண் 23. லினக்ஸில் 1024க்குக் கீழே உள்ள எண்களுக்குச் சிறப்பு உரிமை வேண்டும். சாதாரணப் பயனராக ஓடும் நிரலால் அதைத் திறக்க முடியாது. முழு ரூட் (நிர்வாகி) உரிமையில் ஓடவிடாமல், போர்ட் திறக்கும் உரிமையை மட்டும் அந்த நிரலுக்குக் கொடுங்கள். எஸ்எஸ்ஹெச் என்ற மறைகுறியாக்கிய நுழைவு முறைக்கான 22ஐக் கணினியின் சொந்தச் சேவை ஏற்கெனவே பிடித்திருக்கும். பிபிஎஸ்ஸுக்கு 2222 வையுங்கள். ரவுட்டரில் தெரியும் வெளி முகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால், உங்கள் இணைய நிறுவனம் ஒரே முகவரியைப் பலருக்குப் பகிர்கிறது என்று பொருள். வெளியிலிருந்து யாரும் நேரடியாக வர முடியாது. நிலையான முகவரி கேட்டு வாங்குங்கள், இல்லையேல் சிறிய விபிஎஸ் (இணையத்தில் கிடைக்கும் மெய்நிகர் கணினி) ஒன்றை வாடகைக்கு எடுங்கள்.

23ஐத் திறந்ததும் மனிதர்களுக்கு முன்னால் பாட்கள் (தானியங்கி நிரல்கள்) வரும். 2016இல் பரவிய மிராய் போன்றவை டெல்நெட்டைத் தேடி, கேமரா, ரவுட்டர்களின் ஆரம்பக் கடவுச்சொற்களை முயல்கின்றன. உங்கள் நோடுகள் (ஒரே நேரத்தில் நுழையக்கூடிய இடங்கள்) இவற்றாலேயே நிரம்பினால் உண்மையான விருந்தினர் திரும்பிப் போவார். பலமுறை தவறாக நுழைபவரைத் தானாகத் தடுக்கும் வசதி சின்க்ரோநெட்டில் உண்டு. முதல் நாளே அதைப் போடுங்கள்.

'லெஜண்ட் ஆஃப் த ரெட் டிராகன்' போன்ற பழைய டோர் விளையாட்டுகள் (பிபிஎஸ்ஸிலிருந்து திறக்கும் தனி விளையாட்டுகள்) 16-பிட் டாஸ் நிரல்கள். 64-பிட் விண்டோஸ் அவற்றை நேரடியாக ஓட்டாது. லினக்ஸில் டாஸ் நிரல்களை ஓட்டும் டாஸ்எமு தேவை. பயனரின் பெயரும் மீதி நேரமும் டிராப் கோப்பு (பிபிஎஸ் எழுதிவைக்கும் சிறு கோப்பு) வழியாகத்தான் விளையாட்டுக்குப் போகும். விளையாட்டு உடனே மூடிக்கொண்டால், முதலில் அந்தக் கோப்பின் வகையையும் பாதையையும் சரிபாருங்கள்.

விளையாட்டை விடச் செய்திப் பகுதிகளே ஆட்களைத் திரும்ப வரவைக்கும். பிபிஎஸ்களை இணைக்கும் செய்தி வலையமைப்பான டவ்-நெட்டில் இணைந்தால் பிற பிபிஎஸ்களின் உரையாடல்கள் உங்களிடமும் வரும். 1984இல் டாம் ஜென்னிங்ஸ் தொடங்கிய ஃபிடோநெட்டும் இன்னும் இயங்குகிறது, ஆனால் அதன் அமைப்பு வேலை அதிகம், இரண்டாவதாக வையுங்கள்.

நிரல்களில் நீங்கள் செய்யும் மாற்றங்களை 'மாட்ஸ்' கோப்புறையில் வையுங்கள். மூலக் கோப்பிலேயே கைவைத்தால் அடுத்த மேம்படுத்தலில் அழிந்துவிடும்.