மின்சிகரெட் திரவம்: மூலப்பொருள் பதிவேட்டை எங்கிருந்து தொடங்குவது?

ஐரோப்பிய ஒன்றியத்தில் நிகோடின் உள்ள மின்சிகரெட் திரவத்தை விற்க வேண்டுமானால், அதிலுள்ள ஒவ்வொரு பொருளையும் அதன் அளவையும் சந்தைக்கு வருவதற்கு 6 மாதங்கள் முன்பே தெரிவித்தாக வேண்டும். 2014ஆம் ஆண்டின் புகையிலைப் பொருட்கள் நெறிமுறை அப்படிச் சொல்கிறது. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள், கலந்த புட்டிகளின் பெயரை எழுதிவிட்டு, புட்டிக்குள் இருக்கும் சேர்மங்களை விட்டுவிடுகிறார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

படி 1: ஆவணங்களை வாங்குங்கள்

ஒவ்வொரு மூலப்பொருளுக்கும் பாதுகாப்புத் தரவுத் தாள், பகுப்பாய்வுச் சான்றிதழ், முழுச் சேர்மப் பட்டியல் ஆகிய மூன்றும் வேண்டும். தரவுத் தாள் மட்டும் போதாது. பெரும்பாலும் ஆபத்தான சேர்மங்களே அதில் இருக்கும், அவையும் “1 முதல் 5 சதவீதம் வரை” என்ற அளவில்தான். நறுமணக் கலவை தருபவர் தயங்கினால் இரகசியக் காப்பு ஒப்பந்தம் போடுங்கள். அதற்கும் இணங்காதவரிடம் நான் வாங்க மாட்டேன்.

படி 2: பெயரோடு எண்ணையும் எழுதுங்கள்

கிளிசரின், கிளிசரால், வி.ஜி. எல்லாம் ஒன்றே, சி.ஏ.எஸ். எண் (ஒவ்வொரு வேதிப்பொருளுக்கும் உள்ள தனி அடையாள எண்) 56-81-5. கடைசி இலக்கம் சரிபார்ப்பதற்கானது. அதை விட்டுவிட்டு, வலமிருந்து 1, 2, 3, 4 ஆல் பெருக்கிக் கூட்டுங்கள்: 1+16+18+20=55. கூட்டுத்தொகையும் 5இல் முடிகிறது, எண் சரி. தட்டச்சுப் பிழைகளில் பெரும்பாலானவை இதிலேயே சிக்கிவிடும்.

படி 3: சேர்மவாரியாகக் கூட்டுங்கள்

இதற்கு நேரம் ஒதுக்குங்கள். ஒரு 10 மி.லி. புட்டியில் கிளிசரின் 5,500 மி.கி., புரோப்பிலீன் கிளைக்கால் 3,800 மி.கி., நறுமணக் கலவை 1,000 மி.கி., நிகோடின் கரைசல் 1,000 மி.கி. என்று வைத்துக்கொள்வோம். பார்த்தவுடன் கிளிசரின்தான் அதிகம் என்று தோன்றும். ஆனால் நறுமணக் கலவையில் 85 சதவீதமும் நிகோடின் கரைசலில் 94 சதவீதமும் கிளைக்கால்தான் என்றால்? 3,800+850+940=5,590 மி.கி. கிளைக்கால் முந்திவிட்டது! எடை இறங்குவரிசையில் எழுத வேண்டிய லேபிளில் முதலிடமே மாறுகிறது. நிகோடின் கரைசலில் எஞ்சிய 6 சதவீதமான 60 மி.கி. நிகோடின், மி.லி.க்கு 6 மி.கி.; உச்சவரம்பு 20.

படி 4: தடைப் பட்டியலோடு ஒப்பிடுங்கள்

வைட்டமின்கள், காஃபீன், டாரின் கூடாது. புற்றுநோய், மரபணு மாற்றம், இனப்பெருக்கப் பாதிப்பு உண்டாக்கும் பொருட்களும் கூடாது. டைஅசிட்டைல் (431-03-8) இல்லை என்பதை எழுத்தில் வாங்கி வையுங்கள். வெண்ணெய் மணத்துக்காகச் சேர்க்கப்பட்ட அந்தப் பொருளின் ஆவியைச் சுவாசித்த பாப்கார்ன் ஆலைத் தொழிலாளர்களின் நுரையீரல் மீள முடியாதபடி கெட்டது.

படி 5: பழையதை அழிக்காதீர்கள்

கலவை மாறினால் பழைய வரிசையைத் திருத்தாமல், தேதியிட்டுப் புதிய பதிப்பைச் சேருங்கள். மாற்றம் பெரிதென்றால் மீண்டும் அறிவிப்பு தர வேண்டும். ஒவ்வொரு தயாரிப்புத் தொகுதி எண்ணுக்கும் எதிரே, பயன்படுத்திய மூலப்பொருட்களின் தொகுதி எண்களையும் எழுதுங்கள். தொண்டை எரிகிறது என்று ஒருவர் புட்டியோடு வந்தால், அதன் லேபிளில் உள்ள எண்ணிலிருந்து எந்த நறுமணக் கலவை, எந்த நாளில் வந்தது என்பது வரை அன்றே போய்ச் சேர முடிய வேண்டும்.