இண்டர்ன்ஷிப்: அலவன்ஸ் பாக்குறதுக்கு முன்னாடி ரூம் வாடகையப் பாரு

இங்க மலேசியாவுல, ஈப்போ பக்கம் சுங்கை சிப்புட்ல செமஸ்டர் லீவுக்கு வர்ற பிள்ளைங்க எல்லாம் ஒரே கேள்விதான் கேக்குதுங்க, அண்ணே அலவன்ஸ் குடுக்காத கம்பெனிக்கு லத்திஹான் இண்டஸ்ட்ரி, அதான் யூனி அனுப்புற இண்டர்ன்ஷிப், போலாமான்னு. நான் திருப்பிக் கேக்குறது, நீ எங்க தங்கப் போற?

ஒரு பேப்பர் எடு. கேஎல்ல, அதான் கோலாலம்பூர்ல, ஒரு கம்பெனி மாசம் 800 வெள்ளி (ரிங்கிட்) தர்றேன்னு சொல்லுதுன்னு வச்சுக்க. நான் போனப்ப ரூம் 450, டெப்பாசிட் தனி, அதுக்கு அம்மா கூட்டு (சீட்டுப் பணம்) எடுத்துக் குடுத்தாங்க. பசியாறல்ல இருந்து ராத்திரி வரைக்கும் நாளைக்கு 15 வெள்ளின்னு இறுக்கிப் புடிச்சாலும் மாசம் 450 ஆயிரும். எல்ஆர்டி, எம்ஆர்டி ரயிலு, ரேபிட் பஸ்சுக்கு மை50ங்கிற மாசப் பாஸ் 50 வெள்ளி, ஆனா கேடிஎம் கொம்யூட்டர் ரயிலு அதுல சேராது, ரூம் தேடறப்ப இத மறந்துராத. கூட்டுனா 950, அப்ப சம்பளம் வாங்கியும் மாசம் 150 கைய விட்டுப் போவுது. அதே ஈப்போவுல ஒருத்தன் 500 குடுத்தா வீட்டுல இருந்தே மோட்டார்ல போயிரலாம், 30 கிலோமீட்டர்தான், எண்ணெய்க்கு மாசம் 100 தாண்டாது, மத்தியான சோத்த அம்மா கட்டிக் குடுத்துருவாங்க. 400 மிச்சம்லா!

காசே இல்லாத இடமா? வீட்டுல இருந்து போய் வர்ற தூரமா இருந்து, வேலையும் உண்மையான வேலையா இருந்தா மட்டும் போ. அது எப்படித் தெரியும்னா இண்டர்வியூல கேளு, என்னைய யார் பாத்துப்பாங்க, மொத மாசம் என்ன செய்வேன், போன தடவ வந்த இண்டர்ன் என்ன செஞ்சாரு. மழுப்புனா எந்திரிச்சு வந்துரு. நான் இதக் கேக்காமப் போனேன், தினம் செஞ்ச வேலைய எழுதுற என் லோக்புக்ல மூணு வாரம் வரிசையா "ஃபோட்டோஸ்டாட், ஃபைல் அடுக்குனது" அப்படின்னுதான் இருக்கும், பாக்க வந்த லெக்சரர் பக்கத்தத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு என் மூஞ்சியப் பாத்தாரு, எனக்கு வெக்கமா போச்சு.

அலவன்ஸ் கேக்குறதுக்குக் கூச்சப்படாத. அரசாங்க நிறுவனம் டேலண்ட்கார்ப்போட மைசிப்ங்கிற இண்டர்ன்ஷிப் திட்டத்துல சேர்ற கம்பெனி இண்டர்னுக்குச் செலவு பண்றதுக்கு ரெட்டிப்பு வரிக் கழிவு கேக்கலாம், ஆனா அதுக்கு மாசாமாசம் ஒரு குறைஞ்சபட்ச அலவன்ஸ் குடுத்தாகணும். அதனால "நீங்க மைசிப்ல இருக்கீங்களா"ன்னு மரியாதையா ஒரு வரி இமெயில் போட்டுப் பாரு, சில பேருக்கு அப்படி ஒன்னு இருக்குறதே தெரியாது. 2025ல இருந்து குறைஞ்ச சம்பளம் 1,700ன்னு சொல்லி சண்டைக்குப் போவாத, படிக்கிறப்ப யூனி அனுப்புற இண்டர்னுக்கு அது பொருந்தாது. ஆனா படிப்பு முடிஞ்சு கையில ஸ்க்ரோல் (பட்டச் சான்றிதழ்) வாங்குனப்புறமும் ஒருத்தன் காசில்லாத இண்டர்ன்னு கூப்புட்டா, அங்க போயிராத.

எதுக்கு ஒத்துக்கிட்டாலும் அலவன்ஸ் எவ்வளவு, எந்தத் தேதியில வரும்னு ஓஃபர் லெட்டர்ல எழுதி வாங்கு. "அது வரும் தம்பி, கவலைப்படாதே"ன்னு வாயால சொன்னத நம்பி ரூமுக்கு டெப்பாசிட் கட்டிராத.