கடல் காற்றாலை அறிக்கையை எங்கிருந்து படிக்கத் தொடங்குவது?

ராமேசுவரத்தில் இருக்கும் சித்தப்பா மகன் போனில் கேட்டான்: "கடலில் காற்றாலை வரப்போகுதாம். நல்லதா கெட்டதா அண்ணே?" குஜராத், தமிழ்நாட்டுக் கரைகளில் தலா 500 மெகாவாட்டுக்கான உதவி நிதிக்கு 2024 ஜூனில் இந்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. பினாங்கில் கடல் திட்ட அறிக்கைகளைப் படித்துப் பழகியவன் நான். அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் திட்ட அறிக்கையில் வரைபடத்தைத் தேடுங்கள். அதைப் பெரிதாக அச்செடுத்துக்கொண்டு மீனவர்களிடம் போங்கள். பினாங்கின் மீனவ ஊரான தெலுக் பஹாங்கில் நான் அப்படி ஒருமுறை போனபோது, அறிக்கையில் வெறும் நீலமாகக் கிடந்த இடத்தில் ஒரு பாக்சிக் (மலாய்க்காரப் பெரியவர்) சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு, "இது இறால் கிடைக்கும் இடம்" என்றார். எந்த மாதம், எந்த வலை, படகு எந்த வழியாகப் போகும் என்பதையும் எழுதி வாங்குங்கள்.

அடுத்து, தூண் அடிக்கும் நாட்கள். என்னைக் கேட்டால், அறிக்கையில் கவனமாகப் படிக்க வேண்டிய பக்கம் இதுதான். பெரிய எஃகுத் தூணைக் கடலடியில் சம்மட்டியால் அடித்து இறக்கும் சத்தம் ஐரோப்பாவின் வடகடலில் டால்பின் போன்ற கடற்பன்றிகளைப் பல கிலோமீட்டர் தூரம் விரட்டுகிறது. 750 மீட்டர் தூரத்தில் 160 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பது ஜெர்மனியின் விதி. அதற்காகத் தூணைச் சுற்றித் துளைக் குழாய் போட்டு, காற்றழுத்தத்தால் குமிழித் திரை எழுப்புவார்கள். உங்கள் அறிக்கையில் அப்படி ஏதாவது சொல்லியிருக்கிறதா? தமிழ்நாட்டுக் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடை. படகு போகாத காலம்தானே, அப்போது அடிக்கலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். மீன் இனப்பெருக்கத்துக்காகத்தான் அந்தத் தடையே.

கட்டி முடித்த பிறகு? எங்கள் ஜெட்டித் தூணைத் தண்ணீர் வற்றும்போது பாருங்கள், சிப்பி அப்பிக் கிடக்கும், அடியில் மீன் மொய்க்கும். காற்றாலைத் தூணிலும் அதுவே நடக்கும். ஆனால் அந்த மீனைப் பிடிக்க விடுவார்களா? பெல்ஜியத்தில் காற்றாலைகளுக்கு நடுவே மீன் பிடிக்கத் தடை, பிரிட்டனில் பெரும்பாலும் தடையில்லை. எந்த விதி வரும் என்று எழுத்தில் கேளுங்கள். பறவைகள் வலசை போகும் வழியையும் கேட்டு வையுங்கள்.

அப்புறம், காற்றாலையில் ஊர்மக்களுக்குப் பங்கு உண்டா என்று கேளுங்கள். கோபன்ஹேகன் அருகே 2000-ல் கட்டிய மிடல்குருண்டனில் 20 காற்றாலைகள். அதில் பாதி, 8,000-க்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் உள்ள கூட்டுறவுக்குச் சொந்தம்.

போன வாரம் தம்பி வாட்ஸாப்பில் ஒரு படம் அனுப்பினான். பழைய கடல் வரைபடம், மேலே ஏழெட்டுப் பேரின் கையெழுத்து. ஓரத்தில் யாரோ "நண்டு, மாசி" என்று எழுதியிருந்தார்கள்.