பள்ளி பூட்டியிருக்கும்போது சின்ன வகுப்புக்குப் போனில் பாடம் நடத்துவது எப்படி?

2020 மார்ச்சில் பள்ளியைப் பூட்டியபோது, பதினைந்து நாளில் திறந்துவிடுவார்கள் என்று நினைத்து, கரும்பலகையில் பாதியில் நின்ற கழித்தல் கணக்கை அழிக்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன். தமிழ்நாட்டில் ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை பள்ளி திரும்பத் திறந்தது 2021 நவம்பர் 1-ஆம் தேதி. பத்தொன்பது மாதம் ஓடிப்போயிருந்தது.

டெல்டா பக்கத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பத்தொன்பது மாதமும் போனில்தான் பாடம். முதல் நாலு மாதம் நான் செய்ததில் பாதி வீண். புதிதாக வேலையில் சேர்ந்தவர்கள், மழை விடுமுறை ஒரு வாரம் நீண்டுவிட்டால், "டீச்சர், அப்போ எப்படிச் சமாளிச்சீங்க?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரைக்கும் இது பொருந்தும். பெரிய வகுப்புக்கு வேறு வழி.

படி 1: போனை எண்ணாதீர்கள், போன் வீட்டில் இருக்கும் நேரத்தை எண்ணுங்கள்

எல்லோரும் முதலில் கேட்பது, "வீட்டில் டச் போன் இருக்கிறதா?" நானும் அதைத்தான் கேட்டேன். 23 பிள்ளைகளில் 11 பேர் வீட்டில் டச் போன், 9 பேர் வீட்டில் பட்டன் போன், 3 பேர் வீட்டில் எதுவும் இல்லை. பரவாயில்லை, பாதிப் பேருக்கு இருக்கிறதே என்று காலை பத்து மணிக்குப் பாடத்தை அனுப்பினேன். நாலே பேர் பார்த்தார்கள். மீதி ஏழு போனும் அப்பாவின் சட்டைப் பையில் வயலுக்கோ கொத்தனார் வேலைக்கோ போயிருந்தன.

அதனால் நீளவாக்கில் ஒரு நோட்டை எடுத்து இப்படிக் கட்டம் போடுங்கள்: பிள்ளையின் பெயர், போன் யாருடையது, டச் போனா பட்டனா, எத்தனை மணிக்கு வீடு வரும், ரீசார்ஜ் இருக்கிறதா, வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் யார். கடைசிக் கட்டத்தை விட்டுவிடாதீர்கள். பல வீட்டில் அந்த இடத்தில் ஏழாவது படிக்கும் அக்காதான் வந்து நிற்பாள். உங்கள் உதவி ஆசிரியை இனி அவள்தான். அவளிடம் தனியாக இரண்டு வார்த்தை பேசி வையுங்கள்.

இந்த விவரத்தை வாட்ஸ்அப்பில் கேட்டால் வராது. ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டுக் கேளுங்கள். 23 வீட்டுக்கு எனக்கு இரண்டு நாள் ஆனது. மீதி மாதமெல்லாம் என் பாட நேரம் மாலை ஏழு மணி என்று முடிவானது அந்த இரண்டு நாளில்தான்.

படி 2: குழுவை அமைத்து, வாயைக் கட்டுங்கள்

வாட்ஸ்அப்பில் குழு தொடங்கியதும் அமைப்புகளுக்குள் போய், நிர்வாகி மட்டும் செய்தி அனுப்பலாம் என்று மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் காலை வணக்கப் பூக்களுக்கும், கொரோனாவுக்குக் கைவைத்தியம் சொல்லும் பார்வர்டுகளுக்கும் நடுவில் உங்கள் பாடம் காணாமல் போகும். பிள்ளைகள் பதிலை உங்கள் எண்ணுக்குத் தனியாக அனுப்பட்டும்.

இன்னொரு விஷயம். குழுவில் சேர்ந்த எல்லோருடைய எண்ணும் எல்லோருக்கும் தெரியும். ஓர் அம்மாவுக்குத் தெரியாத ஆளிடமிருந்து போன் வர ஆரம்பித்த பிறகுதான் எனக்கு அது உறைத்தது. தயக்கம் இருக்கிற ஊர் என்றால், குழுவுக்குப் பதிலாக பிராட்காஸ்ட் பட்டியல் போடுங்கள். அதில் ஒருவர் எண் மற்றவருக்குத் தெரியாது. ஆனால் உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்தவர்களுக்கு மட்டுமே செய்தி போய்ச் சேரும். ஆகவே கணக்கெடுக்கப் பேசும்போதே, "என் நம்பரை டீச்சர்னு போட்டுச் சேமிச்சிடுங்கம்மா" என்று சொல்லிவிடுங்கள்.

படி 3: இரண்டு நிமிடக் குரல் பாடம்

சின்ன வகுப்புக்கு நான் கண்ட ஒரே உருப்படியான வழி இதுதான். இரண்டு நிமிடக் குரல் பதிவு ஒரு எம்.பி.கூட வராது. அதே நீளத்துக்கு வீடியோ எடுத்தால் பத்துப் பதினைந்து எம்.பி. ஆகிவிடும். சிக்னல் தேடி மொட்டை மாடிக்கு ஓடுகிற ஊரில் இந்த வித்தியாசம் பெரிது. அதோடு, வீடியோ போட்டால் பிள்ளை வாயைப் பிளந்து பார்க்கும். குரல் போட்டால் கையில் ஏதாவது செய்யும்.

பதிவு செய்யும் முறை: மின்விசிறியை நிறுத்துங்கள். மைக் குறியை அழுத்தி அப்படியே மேலே தள்ளினால் பூட்டிக்கொள்ளும், விரல் வலிக்கப் பிடித்திருக்க வேண்டாம். என்ன சொல்லப் போகிறோம் என்பதைத் துண்டுத்தாளில் மூன்று வரி குறித்துக்கொள்ளுங்கள். தொடக்கத்திலேயே இரண்டு மூன்று பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், தினமும் வேறு வேறு பெயர். தன் பெயர் எப்போது வரும் என்று கேட்பதற்காகவே போனைப் பிடுங்கிக்கொண்டு ஓடியதாகப் பெற்றோர் சொல்லியிருக்கிறார்கள்.

ஒரு பதிவுக்கு ஒரே விஷயம். "கடன் வாங்கிக் கழித்தல்" பாடத்தை நான் அனுப்பியது இப்படி:

"வீட்டு விளக்குமாற்றிலிருந்து முப்பத்திரண்டு ஈர்க்குச்சி உருவிக்கோ. அம்மா திட்டினா டீச்சர் சொன்னாங்கன்னு சொல்லு. பத்துப் பத்தா நூலால கட்டு. மூணு கட்டு, ரெண்டு உதிரி வந்துச்சா? இப்போ எனக்குப் பதினேழு குச்சி வேணும். ஒரு கட்டு எடுத்துக் கொடுத்துட்டே. இன்னும் ஏழு உதிரி வேணுமே, உன்கிட்ட ரெண்டுதானே இருக்கு? என்ன பண்ணுவே? யோசி. பதிவை நிறுத்திட்டு யோசி."

இதற்குப் பிறகு ஐந்து விநாடி சும்மா இருந்தேன். அப்புறம், "ஒரு கட்டை அவுத்துட்டியா? இப்போ பன்னிரண்டு உதிரி. அதுல ஏழைக் கொடு. மிச்சம் எத்தனைன்னு எண்ணி எனக்குச் சொல்லு." விடை 15. பலகையில் ஒரு வாரமாகப் போட்டும் புரியாத கணக்கு, கட்டை அவிழ்த்த அன்றைக்கு ஆறேழு பேருக்குப் புரிந்தது. பலகையில் "பக்கத்து வீட்டில் கடன் வாங்கு" என்று நான் சொல்லிக்கொண்டிருந்ததுதான் குழப்பமே என்று அப்போது தோன்றியது. கடனே இல்லை, இருக்கிற கட்டை அவிழ்க்கிறோம், அவ்வளவுதான்.

கூட்டலுக்குப் புளியங்கொட்டை, எழுத்துக்கு முற்றத்து மணல், அளவுக்குச் சாண் என்று வீட்டில் இருப்பதை வைத்தே பாடம் போடுங்கள். சார்ட், ஸ்கெட்ச் வாங்கச் சொல்லாதீர்கள். கடையும் பூட்டியிருக்கும், கையில் காசும் இருக்காது.

தமிழுக்கு ஒரு எச்சரிக்கை. ல, ழ, ள மூன்றும் மலிவுப் போன் ஸ்பீக்கரில் ஒன்று போலவே கேட்கும். எழுத்தைத் தனியாகச் சொல்லாமல் வார்த்தையோடு சொல்லுங்கள்: பல், பள்ளம், பழம். நாக்கு எங்கே தொடுகிறது என்று பிள்ளையைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கேட்டுத் தெரியாததை நாக்கு காட்டிக்கொடுக்கும்.

படி 4: பட்டன் போன்காரர்களைக் கான்பரன்சில் பிடியுங்கள்

அந்த 9 பேரை நான் மூன்று மாதம் மறந்தே போயிருந்தேன் என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஒரு பாட்டி, "எங்க புள்ளைக்கு மட்டும் லீவா டீச்சரம்மா?" என்று கேட்டபோதுதான் வழி தேடினேன்.

வழி எளிது. ஒரு வீட்டுக்குப் போன் செய்யுங்கள். பேசிக்கொண்டே "அழைப்பைச் சேர்" என்பதை அழுத்தி அடுத்த வீட்டுக்குப் போடுங்கள். அவர்கள் எடுத்ததும் "இணை" என்பதை அழுத்தினால் மூவரும் ஒரே பேச்சில். இப்படி மூன்று, நான்கு வீடு வரை சேர்க்கலாம். அதற்கு மேல் இரைச்சல். எதிர்முனையில் பட்டன் போனாக இருந்தால் போதும், நெட் வேண்டாம், அவர்களுக்குச் செலவும் இல்லை. ஒவ்வொரு குழுவுக்கும் பத்து நிமிடம். ஒருவர் சொல்லும் வாய்ப்பாட்டில் அடுத்த வரியை இன்னொருவர் சொல்ல வேண்டும். விடுகதை ஒன்று போட்டு முடித்தால், மறுநாள் விடை சொல்வதற்காகவே போனுக்குக் காத்திருப்பார்கள்.

உண்மையைச் சொன்னால் டச் போன் பிள்ளைகளைவிட இவர்கள்தான் நன்றாகத் தேறினார்கள். நான் இவர்கள் வாயிலிருந்து பதிலைக் கேட்டேன், அவர்களுக்கு அனுப்பிவிட்டுச் சும்மா இருந்தேன். இது புரிந்த பிறகு, டச் போன் வீடுகளையும் வாரம் ஒருமுறை இதே முறையில் கூப்பிட ஆரம்பித்தேன்.

படி 5: நேரடி வீடியோ வகுப்பு, வேண்டுமென்றால் மட்டும்

மத்தியக் கல்வித் துறை 2020 ஜூலையில் வெளியிட்ட "பிரக்யாதா" வழிகாட்டுதல், ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை ஒரு நாளில் அதிகபட்சம் இரண்டு அமர்வு, ஒவ்வொன்றும் 30 முதல் 45 நிமிடம் என்று வரம்பு வைத்தது. ஏழு வயதுப் பிள்ளைக்கு அதுவே அதிகம் என்பது என் கட்சி. ஜூமில் இலவசக் கணக்கு 40 நிமிடத்தில் தானாக அறுந்துவிடும். அது நமக்கு நல்லதுதான். ஒரு நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் வேண்டாம். குக்கர் விசில், சேவல், தம்பி அழுகை எல்லாம் வரும், கோபப்படாதீர்கள். பாடத்தைவிட முகம் பார்ப்பதற்குத்தான் வீடியோ. மாதம் ஒன்றோ இரண்டோ போதும்.

படி 6: டிவியும் கியூஆர் கோடும்

2019 ஆகஸ்டில் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி அந்த நாட்களில் பெரிய கைகொடுப்பு. ஆனால் "டிவி பாருங்கள்" என்று சொன்னால் யாரும் பார்க்க மாட்டார்கள். நிகழ்ச்சியை முதலில் நீங்கள் பார்த்துவிட்டு, "அதில் வரும் யானை எத்தனை வாழைப்பழம் தின்றது?" என்பது போல ஒரே ஒரு கேள்வியைக் கொடுங்கள்.

பாடநூலில் அச்சிட்ட கியூஆர் கோடுகளை தீக்ஷா செயலியில் ஸ்கேன் செய்தால் பாட வீடியோ வரும். ஒருமுறை பதிவிறக்கி வைத்தால் நெட் இல்லாமலும் பார்க்கலாம்.

படி 7: நோட்டைத் திருத்துவது

போட்டோ அனுப்பச் சொன்னால் முதல் வாரம் தலைகீழாகவும் நிழல் விழுந்தும்தான் வரும். வாசலில் வெளிச்சத்தில் வைத்து, நோட்டை முழுதாகத் திறந்து, தேதி தெரிய எடுக்கச் சொல்லுங்கள். வெட்கப்பட வேண்டாம், நீங்களே ஒன்று எடுத்து மாதிரிக்கு அனுப்புங்கள்.

ஆனால் போட்டோவை நம்பாதீர்கள். என் வகுப்பில் ஒரு பையன் ஒன்றரை மாதம் முத்து முத்தாக எழுதி அனுப்பினான். போன் போட்டுப் பாராட்டப் போனால், எழுதியது அக்கா. அன்றிலிருந்து, எழுதியதை முப்பது விநாடி வாசித்துக் குரலாக அனுப்பு என்று மாற்றினேன். எங்கே தடுக்கி விழுகிறான் என்பது குரலில் தெரிந்துவிடும். பிழையை மறுகுரலில் சொல்லுங்கள், போட்டோவில் சிவப்பு வட்டம் போட்டுக் குழுவில் போடவே போடாதீர்கள். நான் ஒருமுறை போட்டு, அந்தப் பிள்ளை ஒரு வாரம் எதுவும் அனுப்பவில்லை.

படி 8: போனே இல்லாத மூன்று பேர்

இவர்களுக்குத் தாள்தான். வாரத்துக்கு நான்கு பக்கம், கையால் எழுதி நகல் எடுத்தது. பாடநூலும், சத்துணவுக்குப் பதிலாகக் கொடுத்த அரிசி பருப்பும் வாங்கப் பெற்றோர் பள்ளிக்கு வந்த நாட்களில் கையில் கொடுத்து, பழையதை வாங்கிக்கொண்டேன். மற்ற வாரங்களில் ரேஷன் கடைப் பக்கம் போகும்போது திண்ணையில் வைத்துவிட்டு வருவேன். பக்கத்து வீட்டுப் போனைக் கேட்டு வாங்கித் தருவதாக ஓர் அம்மா சொன்னார், வேண்டாம் என்றேன். தினமும் கேட்டு நிற்பது அவர்களுக்குத்தான் கஷ்டம்.

படி 9: திறக்கும் நாளில் புத்தகத்தைத் திறக்காதீர்கள்

2020 மார்ச்சில் ஒன்றாம் வகுப்பில் இருந்த பிள்ளை, 2021 நவம்பரில் வந்து உட்கார்ந்தது மூன்றாம் வகுப்பில். நடுவில் ஒரு வகுப்பே கட்டடத்துக்குள் நடக்கவில்லை. அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் ஐந்து மாநிலங்களில் 16,067 பிள்ளைகளிடம் நடத்தி 2021 பிப்ரவரியில் வெளியிட்ட ஆய்வில், 92 சதவீதம் பேர் முந்தைய ஆண்டு தெரிந்த ஏதாவது ஒரு மொழித் திறனையாவது இழந்திருந்தார்கள். கணக்கில் 82 சதவீதம். தமிழ்நாடு அந்த ஐந்தில் இல்லை, ஆனால் என் வகுப்பறை அதற்கு விலக்காக இருக்கவில்லை.

முதல் வாரம் ஒவ்வொரு பிள்ளையையும் பக்கத்தில் உட்காரவைத்துப் பத்து நிமிடம் பாருங்கள்: எழுத்து தெரிகிறதா, சொல் வாசிக்கிறதா, வரி வாசிக்கிறதா, ஐம்பது வரை எண்ணுகிறதா. வகுப்பைப் பார்க்காமல் அந்த நிலையைப் பார்த்து மூன்று குழுவாகப் பிரித்துத் தொடங்குங்கள். 2022 ஜூனில் வந்த "எண்ணும் எழுத்தும்" திட்டமும் அரும்பு, மொட்டு, மலர் என்று இதையேதான் செய்தது. மாலையில் ஊருக்குள் தன்னார்வலர்கள் பாடம் சொல்லும் "இல்லம் தேடிக் கல்வி" 2021 அக்டோபர் 27-ஆம் தேதி தொடங்கியது. எங்கள் தெருவில் அப்படி வந்த பெண்ணிடம் என் பழைய நோட்டைக் கொடுத்தேன். எந்த வீட்டில் யாருக்கு எது தெரியாது என்பது அதில் இருந்தது.

அந்த நோட்டைத் திரும்ப வாங்கி வைத்ததும் நல்லதாகப் போயிற்று. 2022 ஜனவரியில் மூன்றாவது அலைக்கு மறுபடி பள்ளியைப் பூட்டினார்கள், பிப்ரவரி 1-ஆம் தேதிதான் திறந்தது. முதல் நாள் மாலையே நோட்டை எடுத்துப் போன் போட்டேன். 6 எண் உபயோகத்தில் இல்லை. புது சிம், விற்றுவிட்ட போன், திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்ட அப்பா. ஆகவே அந்தப் பட்டியலை பென்சிலில் எழுதுங்கள். ஜூனில் ஒருமுறை, பொங்கலுக்கு முன் ஒருமுறை எல்லா எண்ணுக்கும் போட்டுப் பார்த்துத் திருத்திவிடுங்கள்.