ராமோஜி திரைப்பட நகரை ஒரு நாளில் சுற்றிப் பார்க்க

ஈநாடு நாளிதழின் நிறுவனர் ராமோஜி ராவ் 1996இல் தொடங்கிய இந்த வளாகம், ஏறத்தாழ 1,666 ஏக்கர் பரப்புடன் உலகின் மிகப் பெரிய திரைப்பட நகரமாகக் கின்னஸ் பதிவில் இடம்பெற்றுள்ளது. ஹைதராபாத்திலிருந்து விஜயவாடா நெடுஞ்சாலையில் சுமார் 30 கிலோமீட்டர் தொலைவில் இருப்பதால், மெட்ரோவில் எல்.பி. நகர் வரை சென்று, அங்கிருந்து பேருந்திலோ ஆட்டோவிலோ செல்வது சிக்கனமான வழி. நுழைவுச்சீட்டை முன்பதிவு செய்துகொண்டு, காலையில் வாயில் திறக்கும் நேரத்திலேயே சென்றுவிடுவது நல்லது.

உள்ளே சென்றதும் விளையாட்டுகளில் நேரத்தைச் செலவிடாமல், படப்பிடிப்புத் தளங்களைச் சுற்றிக்காட்டும் பேருந்தில் முதலில் ஏறிவிடவும். வெயில் ஏறிய பின் அங்கே வரிசை நீளும். வண்டி நின்று கிளம்பும் இடங்களில் இறங்கிக் கட்டடங்களின் பின்புறத்தையும் பார்க்க வேண்டும். முன்னால் விமான நிலையமாகத் தெரியும் கட்டடமே வேறொரு பக்கத்தில் மருத்துவமனையாக மாறியிருப்பதையும், கல்தூண் என்று நம்பியதைத் தட்டினால் உள்ளே வெற்றிடம் ஒலிப்பதையும் அப்போதுதான் உணரலாம். ரயிலே வராத ரயில் நிலையத்தில் நடைமேடையும் பெட்டிகளும் எப்போதும் தயாராக நிற்கின்றன. கதையோடு வரும் தயாரிப்பாளர் படச்சுருளோடு திரும்பலாம் என்பதே நிறுவனரின் நோக்கம். அதனால் ஒலிப்பதிவுக் கூடம், படத்தொகுப்பு வசதி, சிதாரா, தாரா விடுதிகள் ஆகிய அனைத்தும் வளாகத்திற்குள்ளேயே அமைந்தன.

பாகுபலிக்காக எழுப்பிய மாகிழ்மதி அரங்கிற்குத் தனியாக நேரம் ஒதுக்கவும். பறவைப் பூங்காவை மாலைக்கு வைத்துக்கொள்ளலாம். தொப்பியும் நடப்பதற்கேற்ற காலணியும் அவசியம். கோடையில் இங்கே நிழல் குறைவு.