பழைய இன்டர்காம் கேபிள் இருந்தா போதும்: டிஎஸ்எல் மோடம் வச்சு ரெண்டு ஆபீஸ் நெட்வொர்க்கை இணைக்கிறது எப்படி

ஒரே காம்பவுண்டுக்குள்ள மெயின் ஆபீஸ் ஒரு மூலையில, கேட் ஆபீஸ், குடோன், எடைமேடை எல்லாம் இன்னொரு மூலையிலன்னு இருக்கற மில்லு, ஃபேக்டரி, காலேஜ் எல்லா இடத்துலயும் வர்ற பிரச்சனைதான் இது. ரெண்டு பக்கத்து கம்ப்யூட்டரும் ஒண்ணோட ஒண்ணு பேசணும், ஆனா நடுவுல 700, 800 மீட்டர் தூரம் இருக்கு, லேன் கேபிள் 100 மீட்டரோட சரி, ஃபைபர் இழுக்கலாம்னா நடுவுல கான்க்ரீட் ரோடு, அதை வெட்ட ஓனர் சம்மதிக்க மாட்டாரு. ஃபைபர் போட வழி இருந்தா ஃபைபரே போடுங்க, அதுல ரெண்டாவது யோசனையே வேண்டாம். வழியில்லாத இடத்துலதான் டிஎஸ்எல், அதாவது டெலிபோன் வயர்லயே டேட்டா அனுப்பற முறை. இன்டர்காமுக்காக எப்பவோ புதைச்ச 10 ஜோடி, 20 ஜோடி ஜெல்லி கேபிள் (தண்ணி இறங்காம உள்ள ஜெல் நிரப்பின டெலிபோன் கேபிள்) பெரும்பாலும் கீழ கிடக்கும், அதுல பாதி ஜோடி சும்மா இருக்கும். அந்த ஒரு ஜோடி காப்பர் போதும், தூக்கி எறியாதீங்க.

எல்லாரும் முதல்ல கேக்கறது இதுதான், பிராட்பேண்ட் மாத்தினப்போ கழட்டி வச்ச பழைய மோடம் ரெண்டு இருக்கு, ஆளுக்கு ஒரு பக்கம் மாட்டினா ஓடாதா? ஓடாது. வீட்டுக்கு குடுக்கற டிஎஸ்எல் மோடம் கஸ்டமர் பக்கத்து வேலையை மட்டும்தான் பாக்கும், எக்ஸ்சேஞ்ச்ல இருக்கற டீஸ்லாம் கார்டுதான் மறுபக்கம் இருந்து லைனை ட்ரெயின் பண்ணும், அதாவது பேசி வேகத்தை முடிவு பண்ணி லிங்க் கொண்டு வரும். ரெண்டு கஸ்டமர் மோடத்தை நேருக்கு நேர் கோத்தா ரெண்டுமே மத்தவன் ஆரம்பிக்கட்டும்னு காத்துக்கிட்டே இருக்கும், டிஎஸ்எல் லைட் நாள் முழுக்க சிமிட்டும், லிங்க் வரவே வராது. அதனால வாங்கும்போதே எக்ஸ்சேஞ்ச் பக்கமாவும் வேலை செய்யற மாடலான்னு பாத்து வாங்கணும். விடிஎஸ்எல்2 (டிஎஸ்எல்லோட வேகமான வகை) ஈத்தர்நெட் எக்ஸ்டெண்டர்னு கேட்டா கடையில புரியும், பின்பக்கமோ பக்கவாட்டுலயோ சின்ன டிப் சுவிட்ச் இருக்கும், அதுல சிஓ (எக்ஸ்சேஞ்ச் பக்கம்), சிபிஇ (கஸ்டமர் பக்கம்)னு ரெண்டு நிலை. ஒண்ணை சிஓவுல வைக்கணும், இன்னொண்ணை சிபிஇல வைக்கணும். ரெண்டும் ஒரே கம்பெனி, ஒரே மாடலா இருந்தா தலைவலி பாதி குறையும்.

எந்தப் பக்கம் சிஓ வைக்கறதுன்னு யாரும் யோசிக்கறதில்ல, ஆனா யோசிக்கணும். விடிஎஸ்எல்ல டவுன்லோடு வேகம் அதிகம், அப்லோடு கம்மி, டவுன்லோடுங்கறது சிஓவுல இருந்து சிபிஇக்கு போறது. டேட்டா எங்கிருந்து அதிகமா கிளம்புதோ அந்தப் பக்கம் சிஓ வைங்க. கேட்ல கேமரா ரெக்கார்டர் இருக்கு, மெயின் ஆபீஸ்ல உக்காந்து பாக்கணும்னா கேட்லதான் சிஓ. சர்வர் மெயின் ஆபீஸ்ல இருக்கு, கேட்ல இருந்து பில் மட்டும் போடறாங்கன்னா மெயின்ல சிஓ. ஒரே கேபிள்ல ரெண்டு ஜோடியில ரெண்டு லிங்க் ஓட்டறதா இருந்தா மட்டும் ரெண்டு சிஓவும் ஒரே முனையிலதான் இருக்கணும், மாத்தி மாத்தி வச்சா ஒரு ஜோடியோட சத்தம் (காதுக்குக் கேக்காத மின் இரைச்சல்) இன்னொரு ஜோடியில ஏறி ரெண்டு லிங்க்கும் கெடும்.

தூரத்தைப் பத்தி ஒரு வார்த்தை. 300 மீட்டருக்குள்ளன்னா விடிஎஸ்எல்2 நல்லாவே பறக்கும். 800 மீட்டர்ல நல்ல ஜோடி கிடைச்சு 30, 40 எம்பிபிஎஸ் வந்தாலே ஒரு கேட் ஆபீஸுக்கு தாராளம். ஒன்றரை கிலோமீட்டர் தாண்டிட்டா வேகம் ரொம்பவே படுத்துடும், அங்க எஸ்எச்டிஎஸ்எல் மோடம்தான் சரி, அது ரெண்டு பக்கமும் ஒரே வேகம், ஒரு ஜோடிக்கு 5.7 எம்பிபிஎஸ்க்கு மேல எதிர்பாக்க முடியாது, தூரம் கூடக் கூட அதுவும் குறையும், ஆனா கிலோமீட்டர் கணக்குல நம்பகமா ஓடும். ஒரு விஷயம், எஸ்எச்டிஎஸ்எல் ஓடற ஜோடியில போன் ஓட்ட முடியாது, விடிஎஸ்எல்லா இருந்தா போனையும் டேட்டாவையும் பிரிக்கற ஸ்ப்ளிட்டர் போட்டு அதே ஜோடியில இன்டர்காமும் ஓட்டலாம். சும்மா கிடக்கற ஜோடி இருக்கும்போது எதுக்கு ஷேர் பண்ணணும், தனி ஜோடியே எடுங்க.

இப்போ வயருக்கு வருவோம், இந்த வேலையில முக்கால்வாசி இதுதான், மோடம் மாட்டறது அரை மணி நேர வேலை. ரெண்டு பக்கமும் கேபிள் வந்து க்ரோன் மாட்யூல்ல (வயரைக் குத்தி இறக்கற டெலிபோன் கனெக்டர் பட்டை) முடிஞ்சிருக்கும். வெள்ளை-நீலம், வெள்ளை-ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, வெள்ளை-பிரவுன், வெள்ளை-ஸ்லேட், இந்த வரிசையில ஜோடி வரும். ஒரு ஜோடியைத் தேர்ந்தெடுத்து முதல்ல ஈபிஏபிஎக்ஸ் (இன்டர்காம் எக்ஸ்சேஞ்ச் பெட்டி) பக்கத்துல இருந்து கழட்டுங்க. எக்ஸ்டென்ஷன் லைன்ல 48 வோல்ட் டிசி நிக்கும், ரிங் வந்தா 75 வோல்ட் ஏசி மாதிரி அடிக்கும், அதோட மீட்டரை ஓம்ஸ்ல வச்சா ரீடிங்கும் பொய், மீட்டருக்கும் ஆபத்து.

கழட்டினதும் தூரத்து முனையில ரெண்டு வயரையும் சேத்து முறுக்கி ஷார்ட் பண்ணிட்டு இந்த முனையில ரெசிஸ்டன்ஸ் பாருங்க. அரை மில்லிமீட்டர் காப்பர்னா போயிட்டு வர்றதுக்கு கிலோமீட்டருக்கு 170 ஓம் பக்கம் வரும், 0.4 மில்லிமீட்டர்னா 270க்கு மேல. ஆக 800 மீட்டர், 0.5 வயர்னா 135 ஓம் பக்கத்துல காட்டணும். 200, 250ன்னு காட்டினா நடுவுல எங்கயோ ஜாயிண்ட் கெட்டிருக்கு. ரீடிங் நிக்காம ஏறி இறங்கிக்கிட்டே இருந்தாலும் ஜாயிண்ட்தான். குழிக்குள்ள இருக்கற அந்த ஜாயிண்ட் பாக்ஸைத் திறந்து பாத்தீங்கன்னா காப்பர் முனை பச்சை பூத்துப் போயிருக்கும், தண்ணி இறங்கினதோட அடையாளம், அதை வெட்டி எறிஞ்சுட்டு ஜெல் நிரப்பின கனெக்டர் போட்டு புதுசா சேருங்க, டேப் சுத்தி மூடற வேலையே வேண்டாம், அடுத்த மழைக்கு மறுபடி அதே குழிக்கு வரணும்.

அப்புறம் ஷார்ட்டை எடுத்துட்டு மெக்கர் (இன்சுலேஷன் டெஸ்டர்) வச்சு 500 வோல்ட்ல இன்சுலேஷன் பாருங்க, வயருக்கு வயர், ஒவ்வொரு வயருக்கும் எர்த்துக்கும். மோடம் மாட்டியிருக்கக் கூடாது, அரெஸ்டர் (இடி மின்னலை எர்த்துக்குத் திருப்பற பாகம்) இருந்தா அதையும் உருவிடணும், இல்லாட்டி அரெஸ்டர் அடிச்சு தப்பான ரீடிங் காட்டும். பல மெகா ஓம் வந்தா நல்ல ஜோடி, ஒரு மெகா ஓமுக்கு கீழ போனா அந்த ஜோடியை விட்டுட்டு அடுத்ததை எடுங்க.

மீட்டர்ல எல்லாம் சரியா காட்டும், லிங்க் மட்டும் வராது, இல்லன்னா வந்து வந்து அறுந்து போகும்னா ஜோடி பிரிஞ்சிருக்கான்னு பாருங்க. அதாவது நீல ஜோடியில இருந்து ஒரு வயர், ஆரஞ்சு ஜோடியில இருந்து ஒரு வயர்னு யாரோ ஜாயிண்ட்ல மாத்தி சேத்திருப்பாங்க. கன்டின்யூட்டி வரும், இன்டர்காம் கூட ஓடும், ஆனா முறுக்கு இல்லாத ரெண்டு வயர் ஆன்டெனா மாதிரி பக்கத்துல இருக்கற மோட்டார், டிரைவ் சத்தத்தை எல்லாம் இழுத்துக்கும். அதே மாதிரி அந்த ஜோடியில நடுவுல கிளை எடுத்து வேற ரூமுக்கு போன் குடுத்திருந்தா அந்தக் கிளையை வேரோட வெட்டணும், போன் மாட்டாம சும்மா தொங்கினாலும் சிக்னலைத் திருப்பி அடிக்கும். க்ரோன்ல இருந்து மோடம் வரைக்கும் தட்டையான டெலிபோன் வயர் போடாதீங்க, கேட்5 கேபிள்ல ஒரு ஜோடியை எடுத்து போடுங்க. பஞ்ச் பண்றதுக்கு க்ரோன் டூல்தான், ஸ்க்ரூடிரைவர் வச்சு குத்தினா கிளிப் விரிஞ்சுடும்.

இடி மின்னலுக்கு ரெண்டு முனையிலயும் கேஸ் டியூப் அரெஸ்டர் போட்டு எர்த் குடுக்கணும். இதுல நான் கறாரா இருப்பேன், சித்திரை வைகாசி கோடை இடிக்கும் ஐப்பசி மழைக்கும் மண்ணுக்குள்ள போற நீளமான காப்பர்தான் முதல்ல பலி, மோடத்தோட நிக்காது, அது வழியா சுவிட்ச், சர்வர் வரைக்கும் போகும். கேஸ் டியூப்தான் வாங்கணும், எம்ஓவி வகை அரெஸ்டருக்கு கப்பாசிட்டன்ஸ் அதிகம், விடிஎஸ்எல் சிக்னலை அதுவே முழுங்கிடும்.

வயர் முடிஞ்சதா, மோடத்தை மாட்டுங்க. சிஓ, சிபிஇ சுவிட்ச் வச்ச பிறகுதான் பவர் குடுக்கணும், ஓடும்போது மாத்தினா பல மாடல் எடுத்துக்காது. ஒண்ணு ரெண்டு நிமிஷம் லைட் சிமிட்டி அப்புறம் நிலையா நிக்கும். ஃபாஸ்ட், இன்டர்லீவ்னு ஒரு சுவிட்ச் இருக்கும், சத்தம் நிறைய இருக்கற ஃபேக்டரியில இன்டர்லீவ் வைங்க, கொஞ்சம் தாமதம் கூடும் ஆனா எர்ரர் குறையும், அமைதியான இடம்னா ஃபாஸ்ட். எஸ்என்ஆர் (சத்தத்துக்கு மேல சிக்னலுக்கு விடற இடைவெளி) 6 டிபி, 9 டிபின்னு கேட்டா 9 வைங்க, வேகம் கொஞ்சம் போகும், லிங்க் அறாது. மெஷின் எல்லாம் ஓடற ஷிஃப்ட் நேரத்துல டெஸ்ட் பண்ணுங்க, ஞாயித்துக்கிழமை எல்லாமே அழகா ஓடும்.

இனி ஐபி. இந்த மோடம் ஜோடி ஒரு நீளமான லேன் கேபிள் மாதிரிதான், ரூட்டிங் எல்லாம் அதுக்குத் தெரியாது. நேரா ரெண்டு பக்கத்து சுவிட்ச்லயும் சொருகினீங்கன்னா ரெண்டு நெட்வொர்க்கும் ஒண்ணா கலந்துடும், ரெண்டு ஆபீஸ்லயும் தனித்தனி பிராட்பேண்ட் இருக்கு, ரெண்டு ரூட்டரும் 192.168.1.1, ரெண்டும் டிஎச்சிபி குடுக்குதுன்னா, அதாவது கம்ப்யூட்டருக்கு தானா ஐபி குடுக்குதுன்னா, சொருகின கொஞ்ச நேரத்துல ரெண்டு ஆபீஸ்லயும் நெட் போச்சுன்னு போன் வரும். கேட்ல நாலு கம்ப்யூட்டர்தான், அங்க தனி பிராட்பேண்ட் தேவையில்லன்னா கலந்தே விடலாம், கேட் ரூட்டரை எடுத்துட்டு எல்லாமே மெயின் ஆபீஸ் டிஎச்சிபில இருந்து வாங்கட்டும், வேலை சுலபம். மத்தபடி பிரிச்சு வைக்கறதுதான் நல்லது.

பிரிக்கறதுன்னா இப்படி. மெயின் 192.168.10.0, கேட் 192.168.20.0, ரெண்டுக்கும் 24 மாஸ்க். ரெண்டு பக்கமும் தனி போர்ட்டுக்கு தனி ஐபி குடுக்கத் தெரிஞ்ச ரூட்டர் வேணும், மைக்ரோடிக் மாதிரி சின்னதே போதும். டிஎஸ்எல் மோடம் வர்ற போர்ட்டை மத்த லேன் போர்ட்டோட சேக்காம தனியா எடுத்து மெயின்ல 10.10.10.1, கேட்ல 10.10.10.2, மாஸ்க் 30ன்னு போடுங்க. மெயின் ரூட்டர்ல 192.168.20.0க்கு போகணும்னா 10.10.10.2 வழியான்னு ஒரு ஸ்டாட்டிக் ரூட், கேட்ல 192.168.10.0க்கு 10.10.10.1 வழியான்னு ஒண்ணு. ஒரு பக்கம் மட்டும் ரூட் போட்டுட்டு பிங் வரலன்னு மண்டையை உடைக்கறவங்க நிறைய, பாக்கெட் போயிடும், திரும்பி வர வழி தெரியாது. நாட் ரூல் (உள்ள இருக்கற ஐபியை ரூட்டர் ஐபியா மாத்தறது) பிராட்பேண்ட் போர்ட்டுக்கு மட்டும்தான் இருக்கணும், டிஎஸ்எல் போர்ட்டுக்கு இருந்தா எல்லா கம்ப்யூட்டரும் ஒரே ஐபியில இருந்து வர்ற மாதிரி தெரியும்.

ரூட்டருக்கு ரூட்டர் பிங் வருது, கம்ப்யூட்டருக்கு வரலன்னா விண்டோஸ் ஃபயர்வாலைப் பாருங்க. ஃபைல் ஷேரிங், பிங் ரூல் எல்லாம் பிரைவேட் நெட்வொர்க்ல லோக்கல் சப்நெட்டுக்கு மட்டும்தான் திறந்திருக்கும், மத்த ஆபீஸ் ஐபி ரேஞ்சையும் ஸ்கோப்ல சேக்கணும், ஃபயர்வாலையே ஆஃப் பண்ணிடாதீங்க. நெட்வொர்க் ஐகான்ல அந்தப் பக்கத்து கம்ப்யூட்டர் பேரு தெரியாது, ஐபி போட்டே திறங்க. டாலி வச்சிருக்கீங்கன்னா டேட்டா ஃபோல்டரை இந்த லிங்க் வழியா ஷேர் போட்டு திறக்காதீங்க, ஊர்ந்து ஊர்ந்து வரும், நடுவுல லிங்க் ஒரு தடவை அறுந்தா டேட்டாவே கெட வாய்ப்பு இருக்கு, மெயின் ஆபீஸ் மெஷின்ல ரிமோட் டெஸ்க்டாப் எடுத்து அங்கயே டாலி ஓட்டுங்க. கேமராவுக்கு ஒண்ணுக்கு 2ல இருந்து 4 எம்பிபிஎஸ்னு கணக்கு போட்டு, லைவ் பாக்க சப் ஸ்ட்ரீம் வைங்க, இல்லன்னா பில் போடறவங்க தவிச்சுப் போவாங்க.

லிங்க் வந்த அன்னைக்கே ஐபெர்ஃப்3ங்கற வேக சோதனை புரோகிராம் வச்சு ரெண்டு திசையிலயும் வேகம் பாத்து, லூப் ரெசிஸ்டன்ஸ், ஜோடி நிறம் எல்லாத்தையும் க்ரோன் பாக்ஸ் கதவுக்கு உள்பக்கம் எழுதி ஒட்டுங்க. மழைக்குப் பிறகு ஸ்லோவாச்சுன்னா ஒப்பிட்டுப் பாக்க அந்த நம்பர்தான் கை குடுக்கும்.

ஆபீஸ் ரெண்டும் வேற வேற ஊர்ல இருந்தா சொந்த வயர் கிடையாது, ரெண்டு பக்கமும் பிராட்பேண்ட் டிஎஸ்எல் வழியா விபிஎன்தான் (இன்டர்நெட் வழியா பூட்டின தனிப் பாதை) போடணும். மோடத்தை பிரிட்ஜ் மோடுல வச்சு, ஏடிஎஸ்எல்லா இருந்தா பிஎஸ்என்எல்லுக்கு விபிஐ 0, விசிஐ 35 குடுத்து, பிபிபிஓஇ (பிராட்பேண்ட் லாகின்) யூசர்நேமை ரூட்டர்ல போடுங்க. ஒரு பக்கமாவது பப்ளிக் ஐபி வேணும், ரூட்டருக்கு வந்த ஐபி 100.64க்கும் 100.127க்கும் நடுவுல இருந்தா அது பப்ளிக் இல்ல, ஸ்டாட்டிக் ஐபி கேட்டு வாங்குங்க. வயர்கார்டுங்கற விபிஎன் போட்டா பப்ளிக் ஐபி இருக்கற பக்கம் யுடிபி 51820 திறந்து, மத்த பக்கத்துல கீப்அலைவ் 25 செகண்ட் வைங்க. ஐபி பிளான், ரூட் எல்லாம் மேல சொன்னதேதான். வேகத்துல மட்டும் ஏமாறக் கூடாது, ஏடிஎஸ்எல்2 பிளஸ்ல டவுன்லோடு 24 எம்பிபிஎஸ்னாலும் அப்லோடு 1 எம்பிபிஎஸ் கிட்டத்தான், ஒரு ஆபீஸோட அப்லோடுதான் இன்னொரு ஆபீஸுக்கு டவுன்லோடு, ஆக ரெண்டு ஆபீஸுக்கு நடுவுல கிடைக்கறது அந்த 1 எம்பிபிஎஸ்தான். பிங் வருது, ஆனா ஃபைல் காப்பி பாதியில நிக்குதுன்னா எம்டியூதான் (ஒரு பாக்கெட்டோட அதிகபட்ச அளவு) காரணமா இருக்கும், பிபிபிஓஇ லைன்ல வயர்கார்டு இன்டர்ஃபேஸுக்கு 1412 வச்சுப் பாருங்க.